சொல்லிச் சொல்லியே நாவலாசிரியை ஆனவர்: வை.மு. கோதைநாயகி அம்மாள்



உங்களில் சிலர் ஆங்கிலத்தில் வரும் சரித்திர மர்ம நாவல்களை ஆசையாகப் படிப்பது தெரியும். ஹரிணி நாகேந்திராவின் ‘பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்’ நாவலைப் படித்திருப்பீர்கள். 1921-ஆம் ஆண்டு பெங்களூரில் புதிதாகக் குடித்தனம் வந்த காவேரி என்ற இளம்பெண், டாக்டரான கணவர் ராமுவின் துணையோடு கொலைக்கு விடை தேடும் கதை அது. சுஜாதா மாஸியின் நாவல்களில் அதே காலத்துப் பம்பாயில் பெர்வீன் மிஸ்திரி என்ற பார்சி பெண் வக்கீல் துப்பறிகிறார். பர்தாவுக்குள் இருக்கும் பெண்களிடம் போலீஸ்காரரால் போய்ப் பேச முடியாது, அவரால் முடியும். கதையின் சாவியே அதுதான்.

இவையெல்லாம் நம் காலத்தவர் அந்தக் காலத்தைக் கற்பனை செய்து எழுதியவை. அதே 1920-களில், சென்னை திருவல்லிக்கேணியில், துப்பறியும் கதைகளைத் தானே எழுதத் தொடங்கிய ஒரு நிஜப் பெண் இருந்தார். பள்ளிக்கூடத்தில் படிக்காதவர். முதல் கதையைச் சொன்னபோது பேனா பிடித்து எழுதப் பழகாதவர். கடைசியில் 115 நாவல்கள் எழுதியவர். அவர்தான் வை.மு. கோதைநாயகி அம்மாள். தமிழில் துப்பறியும் நாவல் எழுதிய முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள்.

உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், பெயர் சொன்னதுமே முகம் மலரலாம். உங்கள் பிள்ளைகளைக் கேட்டால் அநேகமாகத் தெரியாது என்பார்கள். அதனால்தான் இந்த இதழில் அவர் கதை.

ஐந்தரை வயதில் மணப்பெண்

கோதைநாயகி 1901 டிசம்பர் 1-ஆம் தேதி பிறந்தார். அப்பா நீர்வளூர் வெங்கடாசாரியார், அம்மா பட்டம்மாள். குழந்தை தவழும் வயதிலேயே அம்மா காலமாகிவிட, பாட்டியும் உறவினர்களும் வளர்த்தார்கள். 1907-இல், ஐந்தரை வயதில், கல்யாணம். மாப்பிள்ளை திருவல்லிக்கேணி வை.மு. பார்த்தசாரதிக்கு ஒன்பது வயது. ‘வை.மு.’ என்பது வைத்தமாநிதி முடும்பை என்ற புகுந்த வீட்டுக் குடும்பப் பெயர்.

அந்தக் காலத்து வைதிகக் குடும்பங்களில் பெண் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் என்ற பேச்சே கிடையாது. ஆனால் காது இருந்தது. திருவாய்மொழி கேட்டார், பாட்டு கேட்டார், வீட்டுப் பெரியவர்களிடம் தமிழ் கேட்டார். புகுந்த வீட்டில் தெலுங்கும் கற்றார். கர்நாடக சங்கீதம் நன்றாக வந்தது. கணவர் அவரை நாடகங்களுக்கு அழைத்துப் போனார். மனைவியைப் பொது இடத்துக்கு அழைத்துப் போவதையே ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்த நாள் அது என்பதை நினைவில் வையுங்கள்.

இப்படிக் கேட்டதும் பார்த்ததும் கதைகளாக வெளியே வந்தன. அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வார். நாளடைவில் பெண்களும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். கேட்ட கதை தீர்ந்ததும் தானே புதிதாகக் கட்டிச் சொன்னார். அவருக்கு அமைந்த முதல் வாசகர் கூட்டம் அந்தத் தெருக்காரர்கள்தான். எங்கே குழந்தைகள் கண்ணை விரிக்கிறார்கள், எங்கே கொட்டாவி விடுகிறார்கள் என்பதை எதிரே உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொண்டவர் அவர். தொடர்கதை எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல பாடசாலை கிடைக்காது.

எழுதித் தந்த கை

இந்த இடத்தில்தான் இந்த வாழ்க்கையின் திருப்பம் இருக்கிறது. கோதைநாயகிக்கு ஒரு தோழி. பட்டம்மாள் என்று அவருக்கும் பெயர், இழந்த தாயின் பெயரே. கோதைநாயகி சொல்லச் சொல்ல அந்தப் பட்டம்மாள் எழுதினார். அப்படி உருவானதுதான் ‘இந்திர மோகனா’ என்ற நாடகம். 1924-இல் அது புத்தகமாக வந்தது. அப்போது கோதைநாயகிக்கு 22 வயது.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். எனக்கு வேலை இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று அந்தத் தோழி சொல்லியிருந்தால்? நல்லாத்தான் கதை சொல்றே என்று சிரித்துவிட்டு எழுந்து போயிருந்தால்? அந்தக் கதைகள் அந்தத் திண்ணையோடு போயிருக்கும். அப்படிப் போன கதைகள் ஒவ்வொரு தெருவிலும் எத்தனையோ. இவருடையது மட்டும் தப்பியதற்குக் காரணம், பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தந்த ஒரு கை.

பட்டம்மாள் எழுதியதோடு நிற்கவில்லை. கோதைநாயகிக்கு எழுதவும் கற்றுக் கொடுத்தார். அதன்பிறகு அந்தப் பேனா நிற்கவே இல்லை.

அந்தக் காலத்து மர்மக் கதை

அவர் எழுத வந்தபோது தமிழில் துப்பறியும் கதைக்கு வயது முப்பதுதான். 1894-இல் பண்டித நடேச சாஸ்திரி ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணனை வைத்துக் கதை எழுதினார். 1908-இல் ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’ வந்தது. அவருடைய துப்பறியும் கோவிந்தன் தமிழர் வீடுகளில் பிரபலமானார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆனந்தசிங் என்ற துப்பறிவாளரை உலவவிட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்காருக்குத் திகம்பர சாமியார். எழுதியவர்கள் எல்லோரும் ஆண்கள், துப்பறிந்தவர்களும் ஆண்கள். பெண்ணுக்கு அந்தக் கதைகளில் பெரும்பாலும் இரண்டு வேலைதான். ஒன்று கடத்தப்படுவாள், இல்லையென்றால் சந்தேகிக்கப்படுவாள்.

மேல்நாட்டிலும் நிலைமை அவ்வளவு முன்னால் போய்விடவில்லை. 1864-லேயே பெண் துப்பறிவாளர் கதைகள் லண்டனில் வெளிவந்தன. 1897-இல் அமெரிக்க எழுத்தாளர் அன்னா காதரின் கிரீன், பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தே குற்றத்தை மோப்பம் பிடிக்கும் அமீலியா பட்டர்வொர்த் என்ற பெண்மணியைப் படைத்தார். ஆனால் உலகம் இன்று கொண்டாடும் மிஸ் மார்ப்பிள், அகதா கிறிஸ்டியின் சிறுகதையில் முதன்முதலில் தலைகாட்டியது 1927-இல். கோதைநாயகி அதற்கு இரண்டு வருஷம் முன்பே தன் முதல் நாவலை வெளியிட ஆரம்பித்துவிட்டார்.

அந்த நாவல் ‘வைதேகி’. அவருடைய எழுத்தைப் பார்த்த வடுவூரார் ஒரு யோசனை சொன்னார். ‘ஜகன்மோகினி’ என்ற பத்திரிகை நடத்த முடியாமல் கிடக்கிறது, அதை வாங்கி நீங்களே நடத்தலாமே என்பது அந்த யோசனை. 1925-இல் வாங்கினார். தமிழில் பெண்கள் பத்திரிகை நடத்தியது அதற்கு முன்பும் உண்டு, பண்டிதை விசாலாட்சி அம்மாள் நடத்திய ‘ஹிதகாரிணி’ ஓர் உதாரணம். ஆனால் தன் நாவல்களையே அச்சாணியாக வைத்து ஒரு பெண் ஒரு மாதப் பத்திரிகையைக் கிட்டத்தட்ட 35 வருஷம் ஓட்டியது பெரிய சாதனை. 35 வருஷத்தில் 115 நாவல் என்றால் நாலு மாதத்துக்கு ஒன்றுக்கும் மேல். நம் செய்திமடல் ஓர் இதழிலிருந்து அடுத்த இதழுக்கு வந்து சேர்வதற்குள் அவர் ஏறக்குறைய ஒரு நாவலை முடித்திருப்பார்!

ஒரே அச்சு, வேறு வேறு வண்ணம்

அந்தக் கதைகளில் என்ன இருந்தது? காணாமல் போன வாரிசு, ஆள் மாறாட்டம், பொய் உயில், திருடு போன நகை, தவறான கைக்குப் போன கடிதம் என்று அந்தக் கால மர்ம நாவலுக்கு ஒரு வழக்கமான சாமான் பட்டியல் உண்டு. அதே பட்டியலோடு இவர் குழந்தை மணம், விதவையின் துயரம், வரதட்சணை, குடி, தீண்டாமை ஆகியவற்றையும் சேர்த்தார். யார் குற்றவாளி என்ற கேள்விக்காகப் படிக்க உட்கார்ந்தவர்கள், இந்தப் பெண்ணுக்கு ஏன் இந்தக் கதி என்ற கேள்வியோடு எழுந்தார்கள்.

பீங்கான் ஊர்க்காரர்களான உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். நம் ஊர் செராமிக் பேட்டையில் அச்சு ஒன்றுதான். களிமண் குழம்பை ஊற்றி எடுத்தால் ஒரே மாதிரி நூறு பொம்மை வரும். சூளைக்குப் போய் வந்து, வண்ணம் ஏறி, கண் திறந்த பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வருகிறது. மர்மக் கதை அவருக்கு அச்சு. அதில் அவர் எழுதிய முகங்கள் தான் பார்த்த பெண்களுடையவை.

குறையும் சொல்லத்தான் வேண்டும். தற்செயல்கள் அதிகம். நல்லவர்கள் ரொம்ப நல்லவர்களாக இருப்பார்கள். வடமொழி கலந்த நீண்ட வசனம் இன்றைய பிள்ளைகளைத் திணறடிக்கும். 1930-களில் மணிக்கொடி காலத்து இலக்கியக்காரர்கள் இந்த வகை நாவல்களை மதிக்கவில்லை. அந்தக் கூட்டத்தின் பெரிய பெயரான புதுமைப்பித்தனின் இயற்பெயர் நம் ஊரின் பெயரே, சொ. விருத்தாசலம். அவர்கள் தேடிய இலக்கியம் வேறு. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரு பெண், சமையலறை வேலை முடிந்து, மாதம் ஒருமுறை வரும் பத்திரிகைக்காகத் தபால்காரரை எதிர்பார்த்து நின்றாளே, அவளுக்கு வாசிக்கும் பழக்கத்தைக் கொடுத்தவர்கள் கோதைநாயகி போன்றவர்கள். நாவல் படித்தால் பெண் கெட்டுவிடுவாள் என்று பெரியவர்கள் நம்பிய நாளில் அது சின்ன வேலை இல்லை.

சிறையிலும் கதை கேட்டவர்

1925-இல் காந்தியடிகள் சென்னை வந்தபோது சீனிவாச ஐயங்கார் வீட்டில் அவரைச் சந்தித்தார் கோதைநாயகி. அதோடு பட்டும் நகையும் போயிற்று, கதர் வந்தது. அம்புஜம்மாள் போன்றவர்களோடு சேர்ந்து வீதிக்கு வந்தார். கதை சொல்லிப் பழகிய நாக்கு மேடையில் நன்றாகவே பேசியது. நடுவே குட்டிக் கதை வரும், பாட்டு வரும். ராஜாஜியும் சத்தியமூர்த்தியும் அவரைக் கூட்டங்களில் பேச வைத்தார்கள்.

1931-இல் கள்ளுக்கடை மறியலில் கைதாகிச் சிறை சென்றார். 1932-இல் அந்நியத் துணி எதிர்ப்பில் மறுபடியும் சிறை. வெளியே ‘ஜகன்மோகினி’ நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டவர் கணவர் பார்த்தசாரதி. உள்ளே கோதைநாயகி என்ன செய்தார் தெரியுமா? கைதிப் பெண்களிடம் உட்கார்ந்து அவரவர் கதையைக் கேட்டார். யார் எதற்காக வந்தாள், உண்மையில் நடந்தது என்ன, யாருக்குப் பதிலாக யார் தண்டனை அனுபவிக்கிறாள் என்று கேட்டறிந்ததிலிருந்து ‘சோதனையின் கொடுமை’ என்ற நாவல் பிறந்தது. ‘உத்தமசீலன்’ நாவலையும் சிறையில்தான் எழுதினார்.

அவருக்குள் இருந்த துப்பறியும் பெண்ணை நான் இங்கேதான் பார்க்கிறேன். பூதக்கண்ணாடியும் துப்பாக்கியும் இல்லாத துப்பறிதல் அது. பக்கத்து வீட்டுக் கதவில் பால் பாக்கெட் காலை ஒன்பது மணிவரை தொங்கினால் உங்களுக்கு மனசு கேட்காதே, போய் பெல் அடிப்பீர்களே, அந்தக் கவனம்தான் இது. மிஸ் மார்ப்பிளுக்கும் அதுதான் மூலதனம், கதையில் வரும் காவேரிக்கும் அதுதான். வம்பு என்று பெயர் வைத்து நாம் ஒதுக்கும் இந்தக் குணத்தை அக்கறையோடு பயன்படுத்தினால், போலீஸ் எஃப்.ஐ.ஆரில் வராத உண்மை வெளியே வரும்.

திரையும் துயரமும்

கோதைநாயகியின் கதைகள் சினிமாவுக்கும் போயின. 1937-இல் ‘ராஜமோகன்’, 1938-இல் ‘அநாதைப் பெண்’ ஆகிய படங்கள் அவர் நாவல்களிலிருந்து வந்தவை. திரைப்படத் தணிக்கைக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார். காந்தியடிகள் மறைந்த 1948-இல் திருவல்லிக்கேணியில் மகாத்மா காந்தி சேவா சங்கத்தைத் தொடங்கி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பயிற்சிகள் நடத்தினார். அதாவது, நம்மைப் போல, தான் குடியிருந்த தெருவிலிருந்தே தொண்டைத் தொடங்கினார்.

1956-இல் அவருடைய ஒரே மகன் சீனிவாசன் இறந்துவிட்டார். அந்த அடியிலிருந்து அவர் மீளவில்லை. பிறகு காசநோயும் பிடித்துக்கொண்டது. 1960 பிப்ரவரி 20-ஆம் தேதி தாம்பரம் சானடோரியத்தில் காலமானார். வயது 58.

அவர் போன ஆறு வருஷம் கழித்து, 1966-இல், ‘சித்தி’ படம் வந்தது. பத்மினி, ஜெமினி கணேசன், எம்.ஆர். ராதா நடித்து, கே.எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய படம். டிவியில் நீங்கள் எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். அந்தக் கதை கோதைநாயகியின் ‘தயாநிதி’ நாவல். சிறந்த கதைக்கான தமிழக அரசின் விருது அவருக்கு மறைவுக்குப் பின் கிடைத்தது. அடுத்த முறை ‘சித்தி’ ஓடும்போது டைட்டிலில் கதை யாருடையது என்று கவனியுங்கள்.

நாம் செய்யக்கூடியது

இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 வருஷம் வரை காப்புரிமை உண்டு. கோதைநாயகி அம்மாளுக்கு அது 2020-ஆம் ஆண்டு இறுதியோடு முடிந்துவிட்டது. அவர் நாவல்களை இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், குரலில் பதிவு செய்யலாம், நம் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிக்கலாம். யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. தனியாகப் படித்தால் திணறும் அந்த நீண்ட வசனம், நாலு பேர் கூடி ஒருவர் படிக்கக் கேட்டால் சுகமாக இருக்கும். அது பிறந்ததே அப்படித்தானே. உங்கள் பரணில், பெரியவர்கள் கட்டி வைத்த பழைய பைண்டிங் தொகுப்புகளில் ‘ஜகன்மோகினி’ ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கோதைநாயகி அம்மாளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 115 நாவல் என்ற கணக்கைச் சொல்கிறார்கள். சொல்லச் சொல்ல எழுதிய பட்டம்மாளைப் பற்றி ஒரு வரிக்கு மேல் யாரும் பேசுவதில்லை. நமக்கு இன்று வேண்டியவர் அந்தப் பட்டம்மாள்தான். நம் குடியிருப்பிலேயே பாருங்கள். சாயங்காலம் லிஃப்ட் பக்கத்து பெஞ்சில் உட்காரும் பாட்டிமார்கள் இருக்கிறார்கள். சூளையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு வரும் அக்காமார்கள் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும், எழுதத் தெரியாது? கேட்டால்தானே நமக்குத் தெரியும்.

ஆகவே அடுத்த காலாண்டு இதழுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கதை சொல்லத் தெரிந்த ஒருவரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். போனில் பதிவு செய்தாலும் சரி, நோட்டில் எழுதினாலும் சரி. பிள்ளைகளை எழுத வைத்தால் இன்னும் நல்லது. இரண்டு பக்கத்துக்குள் எழுதி சங்க அலுவலகத்தில் கொடுங்கள், அல்லது நம் வாட்ஸ்அப் குழுவில் அனுப்புங்கள். பேய்க் கதையோ, காணாமல் போன மாட்டைக் கண்டுபிடித்த கதையோ, எதுவானாலும் சரி. கதை சொன்னவர் பெயர் மேலே வரும், எழுதித் தந்தவர் பெயர் அதன் கீழே வரும். இரண்டு பெயரையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.